பூவராகவன் எழுதாத நாவல்

இன்டர்நெட்டில் விற்பனைக்கு வந்திருந்த அந்தப் பழைய புத்தகத்துக்கு ஆசிரியர் பூவராகவன் என்று போட்டிருந்தது. பூவராகவனைத் தெரிந்த யாரும் அதை நம்பப் போவதில்லை. மனிதர் முப்பத்தாறு வருஷம் ஒரு சர்க்கார் கம்பெனியில் டெண்டர் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவர். சொந்தமாக அவர் எழுதியதெல்லாம் லீவ் லெட்டர்தான்.

"'அரிய பழைய தமிழ் நாவல். 1974. கெட்டி அட்டை. ஆசிரியர் பி. பூவராகவன்'," என்று அபிராமி மேடத்தின் லேப்டாப்பில் இருந்த இங்கிலீஷைத் தமிழாக்கி உரக்கப் படித்தேன். "மனுஷன் தனக்கே தெரியாம எழுத்தாளர் ஆயிட்டார் மேடம். நான் தெரிஞ்சே ஆறு தடவை பரீட்சை எழுதி ஒண்ணும் ஆகல."

"மதன், முதல்ல அவங்களுக்குத் தண்ணி குடு."

மதன் என்பது நான். வேலூரிலிருந்து கலெக்டர் ஆவதற்காக டெல்லிக்கு ரயில் ஏறியவன். வயசு வரம்பு தாண்டிய மறுவாரமே அபிராமி டிடெக்டிவ் ஏஜென்சியில் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டேன். மேடம் டெல்லியிலேயே பிறந்தவர், மந்திர் மார்க்கில் தமிழ் மீடியத்தில் படித்தவர். அவர் சிரித்தால் கேஸ் சுலபம் என்று அர்த்தம். அன்று சிரிக்கவில்லை.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் பொன்னி. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம், குடியிருப்பது த்ரிலோக்புரி. மயூர் விஹாரில் சொசைட்டி என்கிற ஓர் அடுக்குமாடி வளாகத்தில் ஆறு ஃப்ளாட்டில் வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டிலேயே செக்யூரிட்டி அவருடைய பாஸைப் பிடுங்கிக்கொண்டான். பூவராகவன் வீட்டுப் புத்தகத்தைத் திருடி விற்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

"நான் எடுக்கலக்கா," என்றார் பொன்னி. "கேட்ல என் போட்டோவ ஒட்டி வச்சிருக்காங்க. ஆறு வூடும் போச்சு. திருடின்னு பேரு வாங்குனவள அடுத்த சொசைட்டியில எவ சேத்துப்பா? எனக்கு வேற எதுவும் வேணாம். என் பேரு சுத்தமாவணும்."

"பூவராகவன் சம்சாரம் என்ன சொல்றாங்க?"

"லீலாவதி அம்மாவா? அழுவுறாங்கக்கா. 'நான் உன்ன நம்புறேன் பொன்னி, சிந்துதான் பிடிவாதமா இருக்கா, நான் என்ன செய்வேன்'னு கையப் புடிச்சிக்கிட்டாங்க. பதினோரு வருசமா அங்க வேல செய்யறேன். அந்தம்மா தங்கம்."

சிந்து என்பது அவர்களுடைய மகள். பெங்களூரில் வேலை. இன்டர்நெட்டில் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, 'எங்கள் வீட்டிலிருந்து திருடுபோன புத்தகம் இது' என்று சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பில் போட்டவள் அவள்தான். டெல்லியில் வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குச் சீன எழுத்து.

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நாவலே இல்ல மதன். பக்க நம்பரைப் பாரு. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, அப்புறம் மறுபடியும் முப்பத்தொண்ணு."

எனக்கு விளங்கியது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வது. எங்கள் வீட்டிலும் அப்படி நாலைந்து இருந்தன. கதையின் பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரமும் பாதி ஜோக்கும் இருக்கும். மீதி ஜோக் எந்த ஜென்மத்திலும் கிடைக்காது.

"அய்யா கல்யாணத்துக்கு முன்னாடி இங்க தனியா இருந்தப்ப சேத்ததாம்," என்றார் பொன்னி. "'மரகதம் வந்த ரயில்'னு கதை. நய் சடக் புத்தகக் கடைத்தெருவுல பைண்டு பண்ணாராம். அங்க இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. 'நாம்?'னு இந்தியில பேரு கேட்டாராம். அய்யா தன் பேரச் சொல்ல, அதையே இங்கிலீசுல தங்க எழுத்துல போட்டுட்டாராம்."

"ஆக, பைண்டர் செஞ்ச தப்புக்கு ஐம்பது வருஷம் கழிச்சு ஒரு எழுத்தாளர் பொறந்திருக்கார்," என்றேன்.

பூவராகவனுக்கு எழுபத்தைந்து வயது. விழித்திரை கெட்டுப்போய் ஒரு வருஷமாகப் படிக்க முடியவில்லை. மனைவிக்குக் கதை என்றாலே கொட்டாவி. அதனால் பத்தாவது வரை படித்த பொன்னிதான் தினமும் மூன்று மணிக்கு ஹாலில் உட்கார்ந்து அவருக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். போன வியாழக்கிழமை மூன்று மணிக்கு அலமாரியைத் திறந்தபோது அது இல்லை. அதைத் தொடுகிறவர் பொன்னி ஒருவர்தான் என்பதால் சந்தேகமும் அவர் ஒருவர் மேல்தான் விழுந்தது.

"கிளம்புங்க," என்று மேடம் எழுந்தார். "புத்தகம் யார்கிட்ட இருக்கோ அங்கேருந்து ஆரம்பிப்போம்."

*

தரியாகஞ்ச் சந்து ஒன்றில், பழைய புத்தகங்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு மல்ஹோத்ரா உட்கார்ந்திருந்தார். நவம்பர் மாதப் புகை கடைக்குள்ளும் வந்து குந்தியிருந்தது. பொன்னி வாசலிலேயே நின்றுகொண்டார்.

பூவராகவன் என்றதும் மல்ஹோத்ராவின் முகம் மலர்ந்தது. "பெரிய ரைட்டராமே? அவரோட மத்த நாவல் ஏதாவது கிடைக்குமா பஹன்ஜி?" என்று இந்தியில் கேட்டார்.

"அவர் எழுதினது இந்த ஒண்ணுதான். அதையும் அவர் எழுதல," என்றேன் நான்.

மல்ஹோத்ரா குழம்பினார். அவர் குழம்பியது நிஜக் குழப்பம். ஆசாமிக்குத் தமிழும் தெரியாது, அந்த வீட்டையும் தெரியாது. மேடம் திருட்டு விஷயத்தைச் சொன்னதும் வெலவெலத்துப்போய், கேட்காததற்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"பேப்பர்ல என் விளம்பரத்தைப் பார்த்துட்டு புதன்கிழமை ஒரு லேடி ஃபோன் பண்ணாங்க. பேரு சொல்லல. மறுநாள் பதினொரு மணிக்கு மயூர் விஹார் மெட்ரோ வாசல்ல கொண்டுவந்து குடுத்தாங்க. தலையில ஷால், முகத்துல மாஸ்க். இந்தப் புகைக்கு நானும் மாஸ்க். ரெண்டு பேரும் வங்கிக் கொள்ளைக்காரங்க மாதிரி நின்னோம்."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார் மேடம்.

"வீண் அலைச்சல்தான் ஞாபகம் இருக்கு. வெள்ளிக்கிழமை நான் நொய்டா போற நாள், போற வழியில வாங்கிக்கறேன்னு சொன்னேன். அந்தம்மா ஒத்துக்கல. சுக்ரவார் அன்னிக்கு வீட்டுலேருந்து எதையும் வெளியே குடுக்கக் கூடாதாம். வியாழக்கிழமைதான் வரணும்னு ஒரே பிடிவாதம். ஒரு புத்தகத்துக்காகத் தனியா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போனேன்."

"நம்பர் இருக்கா?" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

மல்ஹோத்ரா ஃபோனை நீட்டினார். புதன்கிழமை, மாலை 3.40. நான் அந்த எண்ணை என் ஃபோனில் அழுத்தினேன்.

கடை வாசலில் ஓர் அம்மன் பாட்டு ஒலித்தது.

பொன்னி இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அந்த அம்மாளுக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். முட்டாளாக்கப்பட்டவனுக்கு வருகிற கோபம் வேறு மாதிரி.

"பலே! தான் திருடினதைக் கண்டுபிடிக்க டிடெக்டிவ் வச்ச முதல் ஆள் நீங்கதான் பொன்னியம்மா," என்றேன்.

"நான் பேசல சார். சத்தியமா இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

நான் அவருடைய ஃபோனை வாங்கிப் பார்த்தேன். புதன்கிழமை மாலைக்கு மல்ஹோத்ராவின் எண் இல்லவே இல்லை. "அழிச்சிட்டீங்களா?"

"எனக்கு அதெல்லாம் அழிக்கத் தெரியாது சார்."

"எங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாங்க என்ன போலீஸா?"

மேடம் எங்கள் இருவரையும் கவனிக்காமல், விலை பேசாமல் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டாம் அத்தியாயத்தில் விரல் நின்றது. அடுத்தது இருபதாம் அத்தியாயம். நடுவே பைண்டிங் நூலுக்குப் பக்கத்தில் பிளேடால் அறுத்த தடம்.

"என்கிட்ட வந்தப்பவே இப்படித்தான்," என்று மல்ஹோத்ரா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"பொன்னி, பத்தொன்பது எங்கே?" என்றார் மேடம்.

"இருந்துச்சிக்கா. அது மட்டும் கையால எழுதினது. அந்த வாரம் ரயில் ஸ்ட்ரைக்கு, பத்திரிகை வரலியாம். எப்பிடியோ கெடச்ச ஒரு பிரதியப் பாத்து யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க. ஊதா மை."

"யாரோன்னா?"

"தெரியாதுக்கா."

"அதுல என்ன இருந்தது?"

பொன்னி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கதைதான். வேற என்னா?"

பொய் சொல்கிறார் என்று எனக்கு ஓர் அடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

*

மெட்ரோவில் பொன்னி பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டார். மேடம் என்னோடு நின்றுகொண்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். "ஃபோன் அவங்களோடது. புத்தகம் எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க அவங்க. பத்தொன்பதைப் பத்திக் கேட்டா மென்னு முழுங்கறாங்க. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்? கையெழுத்துப் போட்டு வாக்குமூலமா?"

"உங்க அம்மா வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு உறை மோர் குடுப்பாங்களா மதன்?"

நான் கேஸைப் பற்றிப் பேசுகிறேன், இவர் மோர் கேட்கிறார். "உசிரே போனாலும் குடுக்க மாட்டாங்க. உப்பு, ஊசி, மோர், எதுவும் வெளியே போகக் கூடாது. கூடவே லட்சுமியும் போயிடுவாளாம்."

"எந்த வீட்டு லட்சுமி?"

"எங்க வீட்டு லட்சுமிதான்."

"அச்சா," என்று சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

சொசைட்டி கேட்டில் பொன்னியின் போட்டோ நிஜமாகவே ஒட்டியிருந்தது. செக்யூரிட்டி சங்கடத்தோடு கையை நீட்டி மறித்தான். மேடம் விசிட்டர் நோட்டை இழுத்து மூன்று பெயர்களை எழுதினார். மூன்றாவது பெயர் பொன்னி. "வேலைக்காரிக்குத்தான் பாஸ் வேணும் பையா. இவங்க என்னோட வந்த விருந்தாளி." அவனிடம் அதற்கு விதி இல்லை. விட்டுவிட்டான்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த லீலாவதிக்கு எழுபது வயது இருக்கும். பொன்னியைப் பார்த்ததும் கண் கலங்கி, "வாடியம்மா, சாப்பிட்டியா?" என்று தோளைத் தொட்டார். மேடத்தின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அந்தக் கை தானாகக் கீழே இறங்கியது.

ஹாலில் ஈஸி சேரில் பூவராகவன். மேடம் புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். அவர் அட்டையைத் தடவி, முதுகில் தங்க எழுத்தைத் தடவி, அது தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பத்தொன்பது இருக்கா?"

"இல்லை சார்," என்றார் மேடம். "அதைப் பத்தித்தான் பேச வந்தோம். போன புதன்கிழமை மாலை மூணு நாப்பதுக்கு நீங்க என்ன செஞ்சுகிட்டு இருந்தீங்க?"

"மூணுலேருந்து நாலரை வரைக்கும் பொன்னி படிப்பா. நான் கேட்பேன். அன்னிக்கும் பத்தொன்பதுதான் படிச்சா."

"நடுவுல எழுந்து போனாங்களா? ஃபோன் பேசினாங்களா?"

"எழுந்து போனா குரல் நின்னுடுமே. கண்ணுதான் போச்சு, காது நல்லா இருக்கும்மா."

"பொன்னி, படிக்கறப்ப உன் ஃபோன் எங்க இருக்கும்?"

"கிச்சன்லக்கா. சார்ஜ் போட்டிருப்பேன்."

கிச்சனில் யார் இருப்பார் என்று மேடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. மூன்று நாற்பதுக்குப் பொன்னியின் ஃபோன் பேசியிருக்கிறது, பொன்னி பேசவில்லை. கடையில் நேரத்தைப் பார்த்த நான் அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்திருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

லீலாவதி சுதாரித்துக்கொண்டார். "வீட்டுக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. தண்ணி கேன் போடறவன், கேஸ்காரன். யார் வேணும்னாலும் அந்த ஃபோனை எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம்மா," என்று மேடம் ஒத்துக்கொண்டார். "ஆனா வித்தவங்க வெள்ளிக்கிழமை குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுலேருந்து வெள்ளிக்கிழமை பொருள் வெளியே போகக் கூடாதுன்னு வாயை விட்டே சொல்லியிருக்காங்க. திருட வந்தவனுக்கு, திருடற வீட்டு லட்சுமி போனா என்ன, இருந்தா என்ன? அதுக்குக் கவலைப்படறவங்க அந்த வீட்டுக்காரங்க மட்டும்தான். இந்த வீட்டுல விளக்கு ஏத்தறது யாரும்மா?"

பூவராகவன் குரல் வந்த திசையை விட்டு, மனைவி நிற்கும் திசைக்கு மெல்லத் திரும்பினார்.

"லீலா?"

லீலாவதி உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மடித்த தாள்கள். ஊதா மை. டீபாயில் போடாமல், கண்ணில் ஒற்றி வைப்பதுபோல் பழக்கத்தில் நெற்றி வரைக்கும் கொண்டுபோய், அப்புறம் நினைவு வந்து, வெடுக்கென்று வைத்தார். எழுத்து உள்ள காகிதத்தை எரிக்க அவரால் முடியவில்லை. அதை மட்டும் அறுத்து ஒளித்துவிட்டு, இனி இந்த வீட்டில் யாரும் அதைப் படிக்கக் கூடாது என்று மீதிப் புத்தகத்தை விற்றிருக்கிறார்.

"படிங்க," என்றார் மேடத்திடம். "கடைசி வரியைப் படிங்க."

மேடம் தாளைத் திருப்பினார். கதை முடிந்த இடத்துக்குக் கீழே, அதே கையெழுத்தில், கதையில் சேராத ஒரு வரி இருந்தது. மேடம் அதை என்னிடம் காட்டினார், வாய்விட்டுப் படிக்கவில்லை.

'அடுத்த வாரமும் பத்திரிகை வராவிட்டால் எங்கும் அலைய வேண்டாம். என்னிடமே வாருங்கள்.'

"நாப்பத்தஞ்சு வருஷம்," என்றார் லீலாவதி. குரல் நடுங்கவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "சரஸ்வதி பூஜைக்கு வருஷா வருஷம் அந்தப் புத்தகத்துக்கு நான்தான் சந்தனம் குங்குமம் வச்சேன். சேர்த்தது இவர், பைண்டு பண்ணது இவர், பத்திரமா வச்சுக்கறதுதானே மரியாதைன்னு. கதை பிடிக்காதவள், நான் ஏன் உள்ளே திறந்து பார்க்கப் போறேன்? ரெண்டு மாசமா மறுபடி மறுபடி பத்தொன்பது, பத்தொன்பதுன்னு இவர் கேட்கறப்பதான் அப்படி என்ன இருக்குன்னு திறந்தேன்."

"லீலா, அது கல்யாணத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாடி..."

"தெரியும். வருஷம் போட்டிருக்கே. அன்னிக்கு நடந்ததுக்கு நான் சண்டை போடல. இன்னிக்கு எதுக்குக் கேட்டீங்க? நான் கிச்சன்ல உங்களுக்குக் கஞ்சி வச்சுகிட்டு இருக்கறப்ப, ஹால்ல உட்கார்ந்து எதுக்குக் கேட்டீங்க?" அவர் பொன்னி பக்கம் திரும்பினார். "நீயும்தான்! படிக்கறவளுக்குத் தெரியாதா அது என்ன வரின்னு? தினம் என் கையால காபி வாங்கிக் குடிச்சுட்டு, என் வீட்டுலயே உட்கார்ந்து அதை இவருக்குப் படிச்சுக் காட்டினியே! ஒரு நாள் ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீங்க. அதான், பழி உன் மேல விழுந்தப்ப நான் தடுக்கல. விழட்டும்னு விட்டேன்."

"விழட்டும்னு விடலம்மா. என் ஃபோன்லேருந்து பேசிட்டு, அத அழிச்சும் வச்சிருக்கீங்க," என்றார் பொன்னி.

லீலாவதியின் பார்வை கிச்சன் பக்கம் போய் வந்தது.

பொன்னி டீபாயில் இருந்த தாளை எடுத்தார். அந்த வரியின் மேல் விரல் வைத்தார். கடையில் அவர் என்னிடம் மறைத்தது இதைத்தான்.

"இத நான் ஒரு நாளும் படிக்கலம்மா. மொத தடவ படிக்க வந்தப்பவே கண்ணுல பட்டுச்சு. கிச்சன்ல நீங்க இருந்தீங்க. ஒங்க காதுல வுழுந்தா மனசு ஒடஞ்சி பூடுமேன்னு, அதுக்கு முன்னாடியே நிறுத்தி தாளத் திருப்பிட்டேன். ஒவ்வொரு தடவயும் அப்பிடித்தான். அய்யாவக் கேளுங்க."

பூவராகவன் கைகள் புத்தகத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டன. "அந்த வரி இருக்கா?" என்றார். "இருக்குன்னுதான் எனக்கு ஞாபகம். நீ படிக்கறப்ப வரவே இல்ல. கண்ணு மாதிரி புத்தியும் போயிடுச்சு, நானா எதையோ நினைச்சுகிட்டேன்னு தோணிச்சு. இந்தத் தடவையாவது வருமான்னு பார்க்கத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன்."

"இருக்குய்யா. நான்தான் முழுங்கிட்டேன்," என்றார் பொன்னி.

லீலாவதி பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் அந்த வரியைக் கொண்டு சேர்த்தது பொன்னி இல்லை. அதை அவர் காதில் விழாமல் காத்தவர் பொன்னி. அந்தப் பொன்னியைத்தான் லீலாவதி ஆறு வீட்டு வாசலிலும் திருடி என்று நிறுத்திவிட்டார். இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"குரூப்ல போட்டுடறேன் பொன்னி. இப்பவே போட்டுடறேன்," என்று ஃபோனைத் தேடினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் தட்டினார். பொன்னி என்னைப் பார்க்க, நான் எட்டிப் பார்த்துத் தமிழில் சொன்னேன்: "புத்தகம் கிடைத்துவிட்டது. பொன்னி மேல் எந்தத் தப்பும் இல்லை."

பொன்னி தலையை ஆட்டினார். "கெடச்சிடுச்சின்னு மட்டும் போட்டா, போலீசுக்குப் பயந்து நான் கொண்டாந்து குடுத்துட்டேன்னு நெனப்பாங்க. யாரு வித்தாங்கன்னு போடுங்கம்மா."

"சிந்து பார்ப்பாளே..."

"என் பொண்ணும்தாம்மா பாத்தா. கேட்ல என் போட்டோவ."

லீலாவதியின் விரல் வெகுநேரம் ஃபோனுக்கு மேலே நின்றது. கணவர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. பிறகு முதலில் எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினார். நான் மறுபடி தமிழில் சொன்னேன்: "புத்தகத்தை விற்றது நான். பொன்னிக்கு அது தெரியாது. லீலாவதி, 304." பொன்னி தலையசைத்தார். மெசேஜ் போனது. அரை நிமிஷத்தில் பெங்களூரிலிருந்து ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. லீலாவதி அதை எடுக்கவில்லை.

மேடம் கீழே செக்யூரிட்டியிடம் இன்டர்காமில் பேசி, போட்டோவைக் கிழிக்கச் சொல்லி, பாஸை எடுத்து வைக்கச் சொன்னார். நாங்கள் எழுந்தோம்.

"பொன்னி, நாளைக்கு மூணு மணிக்கு வருவியா?" என்று பூவராகவன் கேட்டார். கேட்கக் கூடாத கேள்வி என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

"அஞ்சு வூட்டுக்கு வருவேன்யா. இங்க வர மாட்டேன்." கையில் இருந்த தாள்களை லீலாவதியின் மடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

லிஃப்டில் மூன்று பேரும் நின்றோம். பதினோரு வருஷம் வேலை செய்த வீட்டை விட்டு வருகிறவர், அழவாவது செய்வார் என்று பார்த்தேன். அழவில்லை. எனக்குத்தான் எதையாவது பேசிச் சமாளிக்க வேண்டும்போல் இருந்தது.

"கடையிலேயே அந்த வரியைப் பத்திச் சொல்லியிருந்தா, கேஸ் அங்கேயே முடிஞ்சிருக்குமே பொன்னியம்மா. உங்க மேல சந்தேகமே வந்திருக்காது."

"சொல்லியிருந்தா அந்தக் கடக்காரரு முன்னாடி அந்தம்மா மானம் போயிருக்கும் சார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா வயித்தெரிச்சல்ல பண்ணிட்டாங்க. அவங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்குது. ஃபோன் அடிச்ச ஒடனே நீங்க என்ன அப்பிடிப் பேசினீங்களே, ஒங்களுக்கு என்னா சார் காரணம்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் என்று எனக்கு ஆபீஸில் பெயர். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் பொன்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கீழே வந்து நின்றது. பொன்னி எங்களுக்காகக் காத்திருக்காமல், தன் பாஸை வாங்கிக்கொள்ள கேட்டுக்கு நடந்தார்.